நூறு பேர் மனம் மாறியிருந்தால்…

"என் ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப் போகிறது?"

தேர்தல் வரும்போதெல்லாம் உணவுக்கடையிலும் கல்யாண வீட்டிலும் காதில் விழும் கேள்வி இது. டாமான்சாரா தொகுதியில் இருப்பவர் கேட்டால், சரி, ஏதோ கேட்கிறார் என்று விட்டுவிடலாம். 2022 பொதுத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 1 லட்சத்து 24 ஆயிரத்தைத் தாண்டியது. ஆனால் புஞ்சாக் ஆலாமில், ஈஜோக்கில், ஜெராமில், கோலகுபு பாருவில் வசிக்கும் நாம் இதைக் கேட்கலாமா? நம் பகுதியின் தேர்தல் வரலாறு வேறு கதை சொல்கிறது.

198 என்ற எண்

2008 மார்ச் 8. நாட்டின் 12ஆவது பொதுத் தேர்தல். தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, சிலாங்கூர் மாநில ஆட்சியும் கைமாறியது. அன்று உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் நின்றவர் ம.இ.கா.வின் டத்தோ ஜி. பழனிவேல். 1990 முதல் அந்தத் தொகுதியைத் தன் கையில் வைத்திருந்தவர். எதிர்த்து நின்ற பி.கே.ஆர். வேட்பாளர் ஜைனல் அபிடின் அஹ்மாட் அவரை வெறும் 198 வாக்குகளில் தோற்கடித்தார்.

கணக்கைப் பாருங்கள். ஜைனலுக்கு வாக்களித்தவர்களில் 100 பேர் மட்டும் பழனிவேல் பக்கம் மாறியிருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். நூறு பேர் என்றால் ஒரு தோட்டத்தின் இரண்டு, மூன்று லயங்களில் குடியிருக்கும் பெரியவர்கள்.

ஜைனல் அபிடின் 2010 மார்ச்சில் காலமானார். ஏப்ரல் 25ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. பி.கே.ஆர். தரப்பில் முன்னாள் சட்ட அமைச்சர் டத்தோ ஜைட் இப்ராஹிம் நின்றார். தேசிய முன்னணி ம.இ.கா.வின் பி. கமலநாதனை நிறுத்தியது. 1,725 வாக்குகள் வித்தியாசத்தில் கமலநாதன் வென்றார். பின்னாளில் அவர் கல்வித் துணையமைச்சரும் ஆனார்.

அதே தொகுதி 2018இல் மீண்டும் பி.கே.ஆருக்குப் போனது. 2022இல் பெரிக்காத்தான் நேஷனல் வென்றது. அப்போது இரண்டாம் இடம் பெற்றவர் பி.கே.ஆரின் சத்தியபிரகாஷ் நடராஜன். வித்தியாசம் 1,562 வாக்குகள்.

கோலசிலாங்கூரிலும் அதே கதை

புஞ்சாக் ஆலாம் அமைந்திருக்கும் கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் புக்கிட் மெலாவத்தி, ஈஜோக், ஜெராம் என மூன்று சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. இங்கும் எந்தக் கட்சியும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

2008இல் பாஸ் கட்சி சார்பில் டாக்டர் சுல்கிப்ளி அஹ்மாட் வென்றார். 2013இல் அம்னோவின் இர்மோஹிஸாம் இப்ராஹிம் அவரை 460 வாக்குகளில் வீழ்த்தினார். 2018இல் சுல்கிப்ளி அமானா கட்சி வேட்பாளராகத் திரும்பி வந்து வென்று, சுகாதார அமைச்சரானார்.

2022 நவம்பர் 19 அன்று நாடே இந்தத் தொகுதியைக் கவனித்தது. அன்றைய நிதியமைச்சர் தெங்கு ஸப்ருல் அஸிஸ், தேசிய முன்னணி வேட்பாளராக இங்கே களமிறங்கியிருந்தார். அமைச்சர் ஒருவர், முன்னாள் அமைச்சர் ஒருவர், கூடவே பெரிக்காத்தான் வேட்பாளர் எனப் பலமுனைப் போட்டி. கடைசியில் சுல்கிப்ளி 1,002 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அவருக்கு விழுந்த வாக்குகளில் 502 மட்டும் ஸப்ருலுக்குப் போயிருந்தால் நாடாளுமன்றத்துக்கு வேறு ஒருவர் சென்றிருப்பார்.

அந்தத் தேர்தலில் 222 இடங்களில் எந்தக் கூட்டணிக்கும் தேவையான 112 கிடைக்கவில்லை. ஐந்து நாள் இழுபறிக்குப் பிறகே, நவம்பர் 24 அன்று, டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். ஒவ்வொரு இடமும் தங்கமாக இருந்த நேரத்தில், நம் வட்டாரத்தின் ஓர் இடம் 1,002 வாக்குகளில் தீர்மானமானது.

அடுத்த ஆண்டே, 2023 ஆகஸ்டில் நடந்த மாநிலத் தேர்தலில், இதே நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கும் ஈஜோக் பெரிக்காத்தான் பக்கம் சாய்ந்தது. எந்தக் கட்சிக்கும் இது பட்டா போட்ட நிலமல்ல.

நெருக்கமான போட்டி என்ன செய்யும்?

வித்தியாசம் குறையும்போது வேட்பாளர்கள் நம் வாசல் தேடி வருவார்கள். 2007 ஏப்ரல் 28இல் நடந்த ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறக்குறைய 12 ஆயிரம் வாக்காளர்களே இருந்த அந்தச் சின்னத் தொகுதியில் நாட்டின் பெருந்தலைவர்கள் எல்லாம் முகாமிட்டார்கள். ம.இ.கா.வின் கே. பார்த்திபன் 1,850 வாக்குகளில் டான்ஸ்ரீ காலிட் இப்ராஹிமை வென்றார். அடுத்த ஆண்டு அதே காலிட் அதே ஈஜோக்கில் வென்று சிலாங்கூர் மந்திரி பெசார் ஆனார்.

2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தலில், ராசா பட்டணத்துச் சீனப்பள்ளிக்கு 30 லட்சம் வெள்ளி தருவதாக அன்றைய பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் வாக்களித்தது பெரிய செய்தியானது. தங்கள் ஓட்டு எண்ணப்படும் என்பதைத் தெரிந்துவைத்திருந்த சமூகம், தன் பள்ளிக்கு ஒரு தொகையைக் கேட்க முடிந்தது. அப்படி வாக்குறுதி தருவது சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தப் பேச்சே போட்டி நெருக்கமாக இருந்ததால் எழுந்தது.

நம் பக்கம் வருவோம். வட சிலாங்கூரில் மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் உழைத்து ஓய்ந்தவர்கள். 2024 மே 11இல் கோலகுபு பாரு இடைத்தேர்தல் வந்தபோது, இந்தக் குடும்பங்களுக்கான 245 வீடுகள் பற்றிய பேச்சு மீண்டும் முன்னுக்கு வந்தது. பல பொதுத் தேர்தல்களைக் கண்ட ஒரு கோரிக்கை, இந்திய வாக்குகள் முடிவை மாற்றலாம் என்ற நிலை வந்தபோது அமைச்சர்களின் மேசைக்குப் போனது.

தோட்டங்களில் ஒரே இடத்தில் திரண்டிருந்தபோது நமக்கு எண்ணிக்கை பலமாக இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிப் போன பிறகு நமக்கு மிஞ்சியிருக்கும் பலம் இந்தக் குறுகிய வித்தியாசம்தான். அது தானாக வேலை செய்யாது. நம் பெயர் சரியான பட்டியலில் இருந்து, நாமும் வரிசையில் போய் நின்றால்தான் வேலை செய்யும்.

பெயர் எங்கே இருக்கிறது?

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவரும் தானாகவே வாக்காளர்களாகப் பதிவு செய்யப்படுகிறார்கள். பாரம் நிரப்ப வேண்டியதில்லை. 2018இல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022இல் 2 கோடியே 11 லட்சமானது இதனால்தான்.

இந்தப் பதிவுக்கு ஆதாரம் மைகார்டில் உள்ள முகவரி. நம் இளைஞர்களில் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஐந்தாறு வருடமாகப் புஞ்சாக் ஆலாமில் வீடு வாங்கிக் குடியிருப்பார்கள். ஷா ஆலாமிலோ சுபாங்கிலோ வேலை. மைகார்டிலோ பாட்டி இருந்த தோட்டத்து முகவரி, அல்லது பேராக்கில் அப்பாவின் வீட்டு முகவரி. தேர்தல் நாளில் மூன்று மணி நேரம் காரோட்டிப் போக வேண்டும் என்று தெரிந்ததும் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

2018இல் நாடு முழுவதும் 82 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 2022இல் அது 74 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கியது. சராசரியாகப் பார்த்தால் ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. 460, 1,002, 1,562 ஆகிய எண்களின் பக்கத்தில் அந்த 20 ஆயிரத்தை வைத்துப் பாருங்கள். தொகுதியைத் தீர்மானிப்பதில் வந்தவர்களோடு வராதவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால், எந்தத் தொகுதி என்பது தெரியும். வீடு மாறியவர்கள் தேசியப் பதிவு இலாகாவில் மைகார்டு முகவரியை மாற்ற வேண்டும். பின்னர் வாக்காளர் பட்டியலிலும் அது மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாறவில்லையென்றால் தேர்தல் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பட்டியல் புதுப்பிக்கப்பட மாதக்கணக்கில் ஆகும். நாடாளுமன்றம் கலைந்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்குப் பயன்படாது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடைய பெயரையும் சேர்த்துப் பாருங்கள். தோட்டத்தை விட்டு வந்த தாத்தாவின் பெயர் இன்னும் பழைய தோட்டத்து வாக்களிப்பு மையத்திலேயே இருக்கக்கூடும். அவரை அங்கே அழைத்துப் போக ஒருவர் முன்கூட்டியே விடுப்புக்குச் சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

வாசலுக்கு வருபவரிடம்

யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் முடிவு. இந்தப் பகுதியில் பாஸ், அம்னோ, அமானா, பி.கே.ஆர்., ம.இ.கா. எல்லாரும் வென்றிருக்கிறார்கள், தோற்றும் இருக்கிறார்கள். ஒரே கட்சிக்கு மொத்தமாகப் போட வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. எல்லாத் தரப்பும் நம்மைத் தேடி வர அதுவே காரணம்.

வருபவரிடம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். வீடு கட்டித் தருகிறோம் என்றால், நிலம் யார் பெயரில் இருக்கிறது? பணம் எந்த ஆண்டு பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டிருக்கிறது? சாவி எப்போது கைக்கு வரும்? தமிழ்ப்பள்ளிக்குக் கூடுதல் கட்டடம் என்றால், வேலை எந்த மாதம் தொடங்கும்? பதிலை எழுதி வைத்துக்கொண்டு, வென்றவரின் சேவை மையத்துக்கு ஆறு மாதம் கழித்துப் போய் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். சில நூறு ஓட்டில் ஜெயித்தவருக்கு அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது சுலபமல்ல.

அடுத்த பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். அதற்குள் குடும்பத்தில் ஒவ்வொருவரின் பெயரும் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை.