தொழிலாளரா, தொழிற்படையா?

சென்ற இதழில் நண்பர் ஒருவர், மேற்கு நாடுகளின் தொழிற்சட்டங்கள் யாவும் கண்துடைப்பு என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அந்த வரியை ஒரு காலத்தில் நானும் எழுதியிருப்பேன். வடக்கில் விரிவுரையாளனாக இருந்தபோது, அரசு என்பது மூலதனத்தின் காரியக் குழு என்ற வரையறையை வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதினேன். இன்று கலிபோர்னியாவில் உணவு பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி கட்டுகிறேன். அந்த வரையறை பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் குழுவின் அறைகள் எத்தனை, எந்தக் கதவு எவருக்குத் திறக்கிறது என்பதை நான் ஒருநாளும் படிப்பித்ததில்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை.

ஆகவே ஒரு கதவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கலிபோர்னியா மாநில ஆளுநரின் அமைச்சரவையில் 'தொழிலாளர் மற்றும் தொழிற்படை மேம்பாட்டுச் செயலாளர்' என்றொரு பதவி உண்டு. எமது நாட்டுத் தொழில் அமைச்சரை நினைத்துக்கொண்டு இதை விளங்கிக்கொள்ள முடியாது. எமது அமைச்சர் பாராளுமன்ற உறுப்பினர். தொகுதியும் வாக்காளரும் உள்ளவர். இங்கு செயலாளரை ஆளுநர் நியமிக்கிறார், மாநில செனற் சபை உறுதிப்படுத்துகிறது. சட்டசபையில் அவருக்கு வாக்கில்லை. ஆளுநர் விரும்பாத நாளில் பதவியும் இல்லை. (எல்லா மாநிலங்களிலும் இப்படியல்ல. ஒரிகன், ஜோர்ஜியா, வட கரோலினா போன்றவற்றில் தொழில் ஆணையாளரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வட கரோலினாவில் 2001 முதல் 2021 வரை அப்பதவியிலிருந்த பெண்மணியின் படம் ஒவ்வொரு லிப்டுக்குள்ளும் ஒட்டப்பட்டிருந்தது. லிப்டுகளைச் சோதிப்பதும் அவரது திணைக்களம்தான். தேர்தலுக்கு இதைவிடச் சுவரொட்டி வேண்டுமா?)

கலிபோர்னியாவின் இந்த முகவரகம் 2002இல், கிரே டேவிஸ் ஆளுநராக இருந்தபோது உருவானது. அதுவரை சிதறிக் கிடந்தவற்றை ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். கொடுக்காத சம்பளத்தை வாங்கித்தரும் தொழில் ஆணையாளர், வேலைத்தளப் பாதுகாப்புப் பரிசோதகர்கள், வேலையில்லாக் காப்புறுதி வழங்கும் திணைக்களம், தோட்டத் தொழிலாளரின் சங்கத் தேர்தல்களை நடத்தும் சபை எல்லாம் அதற்குள் வருகின்றன. கூடவே தொழிற்பயிற்சிச் சபை ஒன்றும் உண்டு. அது முதலாளிகளிடம் அறவிடும் சிறு வரியிலிருந்து, தமது ஊழியரைப் பயிற்றுவிக்கும் முதலாளிகளுக்கே பணம் கொடுக்கிறது.

பெயரிலேயே இரண்டு சொற்கள் இருப்பதைக் கவனியுங்கள். 'தொழிலாளர்' என்றால் உரிமை கேட்கக்கூடிய ஒரு ஆள். 'தொழிற்படை' என்றால் நிறுவனங்களுக்குத் தேவையான அளவில், தேவையான பயிற்சியோடு அனுப்பப்படவேண்டிய ஒரு தொகை. செயலாளர் இரண்டுக்கும் தலைவர். ஆகவே கதிரையில் யார் வந்து அமர்கிறார் என்பது சிறிய விடயமல்ல.

2019இல் அக்கதிரைக்கு வந்தவர் ஜூலி சூ. 1995 ஆகஸ்ட்டில், லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே எல் மொன்ரே என்ற ஊரில், முட்கம்பி சூழ்ந்த குடியிருப்பு ஒன்றுக்குள் அடைத்துவைத்து உடை தைப்பிக்கப்பட்ட 72 தாய்லாந்துத் தொழிலாளர் மீட்கப்பட்டார்கள். மீட்ட அரசே அவர்களைக் குடிவரவுத் தடுப்பில் போட்டது. இதை எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. அவர்களை வெளியே எடுக்கவும், அந்த உடைகளை வாங்கி விற்ற பெரிய நிறுவனங்களைப் பொறுப்புக்கூற வைக்கவும் போராடிய இளம் சட்டத்தரணிகளில் ஒருவர் சூ. 2011இல் அவரைத் தொழில் ஆணையாளராக நியமித்தார்கள். முறைப்பாடு வரும்வரை காத்திராமல் உடை தைக்குமிடங்களுக்கும் உணவகங்களுக்கும் ஆட்களை அனுப்பினார். சம்பளத் திருட்டு ஒரு குற்றம் என்று பல மொழிகளில் பிரசாரம் செய்தார்.

அதே சூ செயலாளரான பின்பு, கொவிட் காலத்தில், அவருக்குக் கீழிருந்த வேலையில்லாக் காப்புறுதித் திணைக்களம் தடுமாறியது. அதுவரை கொடுத்த 114 பில்லியன் டொலரில் ஏறத்தாழ 10 வீதம் மோசடிக்காரரிடம் போய்விட்டதென 2021 ஜனவரியில் அவரே அறிவிக்க நேர்ந்தது. அதேநேரம் உண்மையாக வேலை இழந்தவர்கள் தொலைபேசியில் நாட்கணக்காகக் காத்திருந்தார்கள். 2023இல் மத்திய அரசின் தொழிற் செயலாளர் பதவிக்கு அவர் பிரேரிக்கப்பட்டபோது, வணிக நிறுவனங்களின் எதிர்ப்புக்கு இது நல்ல ஆயுதமாயிற்று. செனற் உறுதிப்படுத்தாமலே 2025 ஜனவரி வரை பதிற்கடமைச் செயலாளராக இருந்துவிட்டுப் போனார். கலிபோர்னியாவில் அவருக்குப்பின் சிறிது காலம் இன்னொருவர் இருந்தார். 2022இல் நியமிக்கப்பட்ட ஸ்ருவர்ட் நொக்ஸ், நான் மேலே சொன்ன பயிற்சிச் சபையை நடத்தியவர். ஒருவர் முதலாம் சொல்லிலிருந்து வந்தார், மற்றவர் இரண்டாம் சொல்லிலிருந்து.

ஆனால் ஆளைப் பார்த்து மட்டும் முடிவுசெய்யவும் முடியாது. சம்பள முறைப்பாடு ஒன்றை 135 நாட்களுக்குள் தீர்க்கவேண்டும் என்கிறது சட்டம். 2024இல் வெளிவந்த மாநிலக் கணக்காய்வாளர் அறிக்கையின்படி 47,000 முறைப்பாடுகள் தேங்கிக் கிடந்தன. பல இரண்டு வருடங்களைத் தாண்டியவை. காரணம் பெரிய சதி ஒன்றுமில்லை. ஆட்கள் போதாது, வெற்றிடங்களை நிரப்பவில்லை. கண்துடைப்பு என்று நண்பர் சொன்னதில் எனக்குப் பிடிக்காதது இதுதான். கண்துடைப்பு என்றால் செய்ய மனமில்லை என்றாகிறது. இங்கு நல்ல சட்டம் இருக்கிறது, சிலவேளை நல்ல மனமும் இருக்கிறது, மேசையில் ஆள் இல்லை. அதற்கெதிராகக் கேட்கவேண்டிய கேள்வி வேறு.

சட்டத்தின் நன்மையையும் சொல்லவேண்டும். 2003 முதல் இம்மாநிலத்தில், தொழிற்சட்டப் பாதுகாப்புக்கு ஒருவரின் குடிவரவு நிலை பொருட்டல்ல. முறைப்பாட்டுப் பத்திரத்தில் விசா பற்றிய கேள்வியே இல்லை. செயலாளரின் முகவரகத்துக்கு அறிவித்தல் அனுப்பி, அது குறித்த காலத்துக்குள் அசையாவிட்டால், தொழிலாளியே அரசின் இடத்தில் நின்று முதலாளிமீது தண்டப்பண வழக்குத் தொடரலாம் என்ற சட்டமும் 2004 முதல் உண்டு. கிடைக்கும் தண்டத்தில் தொழிலாளருக்கு 25 வீதமாக இருந்த பங்கு 2024இல் 35 ஆனது, மிகுதி முகவரகத்துக்கு.

இனி என் கதை. எமது தொழிற்சாலையில் தலைவலை, மேலங்கி, கையுறை, சப்பாத்து எல்லாம் போட்டு, கைகழுவி முடித்த பிறகுதான் காட் அடிக்கலாம். 12 நிமிடம் எடுக்கும். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பெட்டி மட்டையில் கணக்குப் போட்டேன். வாரம் ஐந்து நாள், வருடம் 50 வாரம்: 50 மணித்தியாலம். 2025இன் ஆகக்குறைந்த சம்பளமான 16.50 டொலரால் பெருக்கினால் 825 டொலர். மூன்று வருடங்கள் பின்னோக்கிக் கேட்கலாம். பக்கத்தில் நிற்கும் குவாத்தமாலாப் பெண் மட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே சம்பளத் துண்டுகளைக் கொண்டுவந்தார். எம்மவர் இருவரில் ஒருவர் கையொப்பமிட்டார். மற்றத் தம்பி என்னைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னான்:

"சேர், உங்களுக்குப் பேப்பர் இருக்கு. என்ர கேஸ் இன்னும் முடியேல்லை. இந்தக் கந்தோர் கேக்காது, சரி. மற்றக் கந்தோர் வந்தா?"

2025 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸ் வேலைத்தளங்களுக்குள் மத்திய குடிவரவு அதிகாரிகள் புகுந்து ஆட்களைப் பிடித்துச்சென்ற செய்தி எங்களுக்கு அப்போது பழையதல்ல. மாநிலச் செயலாளரின் அதிகாரம் அந்த அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது. சட்டப்பிரிவு எல்லாம் தெரிந்த நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அவன் பெயர் இல்லாமலே பத்திரத்தை அனுப்பினோம்.

மூன்றாவது வாரம் காட் அடிக்கும் இயந்திரத்தை உடைமாற்றும் அறை வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. இப்போது அந்த 12 நிமிடம் அவனுக்கும் சேர்த்தே பதிவாகிறது. பழைய மணித்தியாலங்களுக்கான விசாரணைத் திகதி இன்னும் வரவில்லை.