‘போயிட்டிருக்கு’ன்னு சொல்லாதீங்க!

கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பி.ஜி.யில் இடமும் பிடித்தாகிவிட்டது. டிரெய்னிங்கும் முடிந்தது. நிஜமான சோதனை, பிராஜெக்டில் சேர்த்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

காலேஜில் எழுதிய புரொகிராம் அதிகபட்சம் சில நூறு வரிகள். இங்கே திறந்தால் லட்சக்கணக்கான வரிகள். எழுதியவர்களில் பலர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ‘ஆர்டர் லிஸ்ட்ல சில தேதிகள் ஒருநாள் முன்னாடி காட்டுது. என்னன்னு பாருங்க’ என்று டீம் லீட் ஒரு டிக்கெட்டை ஒதுக்குகிறார். எந்த ஃபைலைத் திறப்பது என்றே புரியவில்லை. மறுநாள் காலை மீட்டிங்கில் ‘எந்த அளவுல இருக்கு?’ என்று கேட்டால், ‘போயிட்டிருக்கு’. அதற்கு அடுத்த நாளும் ‘போயிட்டிருக்கு’. நான்காவது நாள் கிளையன்ட்டிடமிருந்து கோபமாக மெயில் வரும்போதுதான், வேலை எங்கேயும் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

ஒரு ஜூனியர் டெவலப்பரின் முதல் இரண்டு வருடத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த ஒற்றை வார்த்தைதான்.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. பள்ளியிலும் காலேஜிலும் ‘தெரியலை’ என்றால் மார்க் போச்சு. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு, மீட்டிங்கில் இங்கிலீஷில் வாயைத் திறப்பதே பெரும்பாடு. எல்லோரையும் ‘சார், மேடம்’ என்றே பழகியவர், 15 வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. போதாததற்கு, வீட்டில் எஜுகேஷன் லோன் தவணை. ‘தெரியலைன்னு சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களோ?’ என்ற பயம் வராமல் இருக்குமா?

ஆனால், சீனியர் எதிர்பார்ப்பது வேறு. புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். எங்கே சிக்கியிருக்கிறார் என்ற தகவல்தான் அவருக்கு வேண்டும். அதை முதல் நாளே சொன்னால் பிளானை மாற்றலாம். நான்காம் நாள் சொன்னால் என்ன செய்வது?

அதற்காக, எடுத்த எடுப்பில் ‘வொர்க் ஆகலை, கொஞ்சம் பாருங்க’ என்று போய் நிற்பதும் சரியில்லை. ஒரு மணி நேரம் முட்டிப் பார்க்கலாம். பிறகு நான்கு வரி எழுத வேண்டும். என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, எதையெல்லாம் செய்து பார்த்தாயிற்று, எர்ரர் மெசேஜ் என்ன? மேலே சொன்ன தேதிப் பிரச்னையையே எடுத்துக்கொள்வோம். ‘தப்பா வர்ற 10 ஆர்டரைப் பார்த்தேன். எல்லாமே நள்ளிரவு 12 மணியிலிருந்து விடியற்காலை 5.30-க்குள்ள போட்டவை’ என்று எழுதினால் போதும். அனுபவசாலி அடுத்த நொடியே சொல்லிவிடுவார். சர்வர் நேரத்தை யு.டி.சி.யில் சேமிக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே விடியற்காலை 3 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 9.30. மாற்றாமல் அப்படியே காட்டினால், தேதி ஒருநாள் பின்னால் போகத்தானே செய்யும்!

வேடிக்கை என்னவென்றால், இப்படி எழுதும்போதே பாதி நேரம் விடை கிடைத்துவிடும். ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-ல் எழுதிய ‘தி பிராக்மாட்டிக் புரொகிராமர்’ புத்தகத்தில், மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதனிடம் கோடை வரி வரியாக விளக்கும் வழக்கம் வருகிறது. வாத்து பதில் சொல்லாது. விளக்குகிறவருக்கே தப்பு பிடிபட்டுவிடும். பி.ஜி.யில் வாத்து இல்லாவிட்டால் ரூம்மேட் போதும், அவர் சம்மதித்தால்!

அடுத்தது, கோட் ரிவ்யூ. எழுதிய 50 வரிக்கு 20 கமென்ட் வந்தால் முகம் சுண்டிப்போகிறது. விடைத்தாளில் சிவப்பு மை பார்த்த ஞாபகம். ஆனால், சம்பளமும் கொடுத்து, அனுபவசாலி ஒருவர் வரி வரியாகத் திருத்தித் தருகிற டியூஷன் வேறெங்கே கிடைக்கும்? எல்லாவற்றுக்கும் ‘ஓகே, டன்’ போடாமல், புரியாத கமென்ட்டுக்கு ‘ஏன்?’ என்று கேட்பவர்தான் அதில் லாபம் பார்க்கிறார்.

சரி, தப்பே நடந்துவிட்டால்? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை ஒவ்வொரு ஜூனியரும் தெரிந்துகொள்ளலாம். டேட்டாபேஸ் வேலையில் இருந்த ஒரு இன்ஜினீயர், வேறொரு சர்வரில் இருப்பதாக நினைத்து, மெயின் சர்வரில் டெலீட் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.தான் மிச்சம். பேக்கப்களைத் தேடினால், ஒன்றும் உருப்படியாக இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நிறுவனம் இதை மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. பின்னர் வெளியிட்ட அறிக்கை, தனி ஆளைக் குற்றவாளியாக்காமல், பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை என்பதைத்தான் அலசியது. எல்லா மேனேஜர்களும் இவ்வளவு பெருந்தன்மையாக இருப்பார்களா என்றால், மாட்டார்கள். திட்டு விழலாம். ஆனாலும், பத்தாவது நிமிடத்தில் சொன்ன தப்பைச் சரிசெய்வது எளிது. ராத்திரியெல்லாம் தனியாகச் சரிசெய்யப் பார்த்தால், ஒன்று இரண்டாகிவிடும்.

இப்போது மறைப்பதற்குப் புது வசதியும் வந்துவிட்டது. சாட்ஜிபிடி, கோபைலட் கேட்டவுடன் கோடு எழுதித் தருகின்றன. பயன்படுத்துவதில் தவறில்லை, சீனியர்களும் பயன்படுத்துகிறார்கள். ‘இந்த வரி எதுக்கு?’ என்று ரிவ்யூவில் கேட்டால் சொல்ல முடியாத கோடை மட்டும் சேர்க்க வேண்டாம். அது ப்ரொடக்‌ஷனில் உடையும்போது, ராத்திரி 11 மணிக்கு போன் வருவது சாட்ஜிபிடிக்கு அல்ல.

அடிக்கடி சண்டை போட்ட பக், கிடைத்த விடை, சொல்லிக்கொடுத்தவர் பெயர் மூன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வரலாம். ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்காது. அப்ரைசல் ஃபார்மில் ‘இந்த வருடம் என்ன செய்தீர்கள்?’ என்ற கட்டம் வரும்போதும் அந்த நோட்டு கைகொடுக்கும். அப்படியே, லேப்டாப்பில் பிராஜெக்டை ஓட வைக்கத் தான் பட்ட பாட்டையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிவைக்கலாம். அடுத்த பேட்ச் வந்து முழிக்கும்போது, அதைத்தான் டீம் லீட் முதலில் தேடுவார்.