விழுந்தெழுந்த சைக்கிளின் விலை

வாஞ்சூரில் தமிழ்நாட்டை விட்டு உள்ளே நுழைந்தால் பூவத்தில் மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் போய்விடுகிற, சுமார் 160 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள காரைக்கால் பிரதேசத்தில், பழைய மோட்டார் வண்டி வாங்குகிறவனுக்கு அதன் ஜாதகத்தைப் பார்ப்பது பெரிய காரியமன்று. பி.ஒய். 02 என்று தொடங்கும் எண் இருக்கிறது, ஆர்.சி. இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது, வண்டி எந்த வருஷத்தில் பிறந்தது, எத்தனை கை மாறியது என்பதற்கெல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தில் எழுத்துச் சான்று இருக்கிறது. அது இனி ஓடவே ஓடாது என்னும்படி நொறுங்கிப் போனாலும்கூட, அந்தச் சங்கதியை 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு உடைமையாளனைக் கேட்கிறது. ஆக, மோட்டார் வண்டிக்குப் பிறப்புச் சான்றும் உண்டு, இறப்புச் சான்றும் உண்டு.

சைக்கிளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. சென்னை மாகாணத்து நகரசபைகள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு தகர வில்லை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த வில்லையும் வரி கட்டியதற்குச் சாட்சியே தவிர, வண்டியின் சரித்திரத்துக்குச் சாட்சியன்று. இன்றும் ஒவ்வொரு பிரேமிலும், பெடல் அச்சு செல்லும் குழாயின் அடியிலோ சீட்டுக்குக் கீழேயோ, ஓர் எண் வெட்டப்பட்டிருக்கிறது; ஆனால் அந்த எண்ணை எழுதி வைக்கும் பேரேடு எந்தச் சர்க்கார் அலுவலகத்திலும் இல்லை. ஆகவே லாரியில் அடிபட்டு, கோணி, நிமிர்த்தப்பட்டு, பற்றவைக்கப்பட்டு, பச்சைப் பெயிண்டு பூசிக்கொண்டு கடை வாசலில் நிற்கும் சைக்கிள், தன் காயத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதற்காகப் பேச வேண்டியவர் யார், விற்கிறவரா, வாங்குகிறவரா என்பதுதான் கேள்வி. வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரே கேள்விக்குக் காரைக்கால் மண் இரண்டு விதமான விடைகளைப் பார்த்திருக்கிறது.

முதல் விடை பிரெஞ்சுக்காரர்களுடையது. 1739இல் இவ்வூரில் காலூன்றிய அவர்கள், நெப்போலியன் காலத்தில் தொகுக்கப்பட்ட தங்கள் சிவில் சட்டத்தை, குடிகளின் குடும்ப, மத ஆசாரங்களுக்கு இடம் விட்டு, 1819இல் பிரெஞ்சிந்தியாவில் பிரகடனம் செய்தார்கள். அச்சட்டத்தின் 1641ஆம் ஷரத்திலிருந்து தொடரும் சில ஷரத்துகள், விற்ற பொருளில் மறைந்து கிடக்கும் குறைக்கு விற்றவனே ஜவாப்தாரி என்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு அவன் பொறுப்பில்லை. தெரியாத குறை, பொருளை அதன் உபயோகத்துக்கே லாயக்கற்றதாக்கிவிடுமானால், அது தனக்கும் தெரியாது என்று விற்றவன் கையை விரித்தாலும், பொறுப்பேற்க மாட்டேன் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டிருந்தாலன்றி, அவனுக்கு விடுதலை இல்லை. வாங்கியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். அல்லது பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். இதன் வேர் ரோமாபுரியின் சந்தையில் இருக்கிறது. மாட்டையும் அடிமையையும் விற்கிறவன் அதனதன் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்லியே விற்க வேண்டுமென்று அங்கே சந்தை அதிகாரிகள் கட்டளையிட்டிருந்தார்கள்.

இரண்டாவது விடை ஆங்கிலேயர் வழி வந்தது. 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகமும், 1962இல் சட்டபூர்வமான உரிமையும் இந்தியாவுக்கு வந்துவிட்ட பிறகு, இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாகப் புதுச்சேரிப் பிரதேசத்துக்கு நீட்டிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றாகிய 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் மோசடி என்றால் என்ன என்று விளக்கப் புகுந்து, ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. குதிரைக்கு நோய் என்று தெரிந்தே ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், வாயைத் திறக்கவில்லை. இது மோசடியன்று. வாங்குகிறவள் அவனுடைய சொந்த மகள், இப்போதுதான் மேஜரானவள் என்றால், தகப்பன் என்ற உறவே அவனைப் பேச வைக்கும் கடமையாகிறது. வாங்குகிறவன், நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமாயிருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்று சொல்லி, விற்கிறவன் அப்போதும் மௌனமாக நின்றானானால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமானம்.

குதிரையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்திப் பாருங்கள். ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிராது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: சும்மா இருப்பது வேறு, முனைந்து மறைப்பது வேறு. விரிசல் மேல் மக்குப் பூசித் தேய்த்து, அதன் மேல் பெயிண்டு அடித்தவன் மௌனமாக இருந்தவனல்லன். கையால் பொய் சொன்னவன். ஆனால் 19ஆம் பிரிவு வாங்குகிறவனையும் சும்மா விடுவதில்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், மற்றவனுடைய மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை உதற முடியாது. நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள், பேச்சுக்கு முன்பே பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து விடுவதன் நியாயமும் இதுதான்.

சைக்கிளுக்குப் பல் எங்கே, சுழி எங்கே என்று கேட்டால், கடைக்காரர்கள் சொல்லித் தருவார்கள். நேருக்கு நேர் மோதிய வண்டியில் முதலில் பின்னோக்கி வளைவது முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க். மோதல் பலமாயிருந்தால், ஹேண்டில்பார் நுழையும் தலைக்குழாயை அடுத்து, மேல் பாரிலும் கீழ்க் குழாயிலும் சுருக்கம் விழும். அந்த இடத்தில் கீழ்ப்புறமாக விரலை ஓட்டினால், கண்ணுக்குப் படாத மேடு விரலுக்குப் படும். பழைய பெயிண்டாயிருந்தால் அங்கே மெல்லிய வரிகள் தெரியும். புதுப் பெயிண்டாயிருந்தால், அதுவே ஒரு கேள்வி. பின்சக்கர அச்சின் ஒரு முனையிலிருந்து நூலைக் கட்டித் தலைக்குழாயைச் சுற்றி மறுமுனைக்குக் கொண்டு வந்து, நடுவிலுள்ள சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடையேயுள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால், பிரேமின் கோணல் தப்பாமல் பிடிபடும். நூல் இல்லாதவர்களுக்குக் காரைக்கால் கடற்கரையின் ஈர மணல் இருக்கிறது: நேராக உருட்டிச் செல்லும்போது இரண்டு டயர்களும் ஒரே கோட்டில் பதிய வேண்டும், இரண்டு கோடுகள் தெரிந்தால், வண்டி நண்டு நடை நடக்கிறது என்று பொருள்.

கோட்டம் எடுப்பதில் மட்டும் பயப்பட ஒன்றுமில்லை. முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்று போக்ஸ் கம்பி கொண்ட நம் பழைய கறுப்பு வண்டியின் ரிம்மை, கம்பிகளை இழுத்தும் தளர்த்தியும் ஒரு நல்ல மெக்கானிக் அரை மணியில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். அந்த வண்டியின் பிரேம் சாதாரண எஃகுக் குழாய். மூட்டுகளில் பித்தளையை உருக்கி ஒட்டியது. வளைந்தால் வளைந்ததைக் காட்டும், பெரும்பாலும் எச்சரித்த பிறகே ஒடியும். ஆனால் இந்தக் கடலோரத்து உப்புக் காற்றில், பற்றவைத்த இடத்தைச் சரியாகச் சுத்தம் செய்து பெயிண்டு அடிக்காவிட்டால், துரு முதலில் அங்கேதான் குடியேறும். அலுமினியத்தின் குணமோ வேறு. சூடேற்றிப் பதப்படுத்திப் பெற்ற அதன் பலம் வெல்டிங் வைத்த இடத்தில் போய்விடுகிறது. மறுபடியும் பதப்படுத்தும் உலை எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடையாது. கார்பன் பிரேமோ மேலே கீறல் மட்டும் காட்டி, உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால், கணீரென்ற ஓசை மந்தமாகும் இடத்தில் சந்தேகப்படலாம், அவ்வளவே.

இனி இன்ஷூரன்ஸ். இங்கே நியதி தலைகீழாகிறது. விற்கும்போது மௌனம் குற்றமல்ல என்றால், இன்ஷூர் செய்யும்போது மௌனமே குற்றம். 1766இல் இங்கிலாந்தின் மான்ஸ்பீல்டு பிரபு, சுமத்திராவில் பெங்கூலன் என்னுமிடத்து மார்ல்பரோ கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டதால் எழுந்த இன்ஷூரன்ஸ் வழக்கில் இந்த நியதியை நிலைநாட்டினார்: ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த சங்கதியை அவன் மறைத்தால் ஒப்பந்தம் நிற்காது. (அந்த வழக்கில் ஜெயித்தது என்னவோ கோட்டையின் கவர்னர்தான், மறைத்தார் என்பது நிரூபணமாகவில்லை.) ஆகவே முன்பு அடிபட்டுப் பற்றவைத்த விலையுயர்ந்த சைக்கிளை வாங்கியவர், அதைச் சொல்லாமல் பாலிசி எடுத்துவிட்டு, பிறகு அதே இடத்தில் ஒடிந்ததென்று கிளெயிம் போட்டால், சர்வேயர் பழைய பற்றவைப்பைச் சுட்டிக்காட்டும்போது பதில் சொல்லத் திணற வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கிறவர்கள் அபூர்வம். எடுக்க வழி இல்லாமலில்லை. 1973இல் ஜெனரல் இன்ஷூரன்ஸ் தேசியமயமானபின் எஞ்சிய நான்கு கம்பெனிகளும், அவற்றுள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியாவும், வீட்டுப் பொருள்களுக்குத் தரும் பாலிசியில் மிதிவண்டிக்கென்று ஒரு பகுதி வைத்திருந்தன. நெருப்பு, திருட்டு, விபத்து ஆகியவற்றுக்கு அது ஈடு தரும். டயர் மட்டும் கிழிந்தால், அல்லது வண்டியை விட்டுவிட்டு டைனமோவை மட்டும் திருடன் கழற்றிக்கொண்டு போனால் சாதாரணமாகத் தராது. தேய்மானத்தையும் கழித்துக்கொள்வார்கள். ஈடு என்பது விபத்துக்கு முந்திய நிமிஷத்தில் இருந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவந்து விடுவதே. அதற்கு மேல் ஒரு படி ஏற்றிவிடுவதன்று. முழு மதிப்பையும் கொடுத்துவிட்டால், உடைந்து கிடக்கும் மிச்சம் கம்பெனிக்குச் சொந்தம். கார்களில் பழுதுச் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில் நூற்றுக்கு 75க்கு மேல் போனால் வண்டி முழுமையாகப் போனதாகவே கணக்கிடும் வழக்கம் உண்டு. அப்படிக் கழிந்த பொருள்கள் காயலான் கடை வழியாக மறுபிறவி எடுப்பதிலிருந்துதான் நம் கதையின் பச்சைப் பெயிண்டு தொடங்குகிறது. வெளிநாட்டுக் கார்பன் பிரேம் தயாரிப்பாளர்கள் சிலர், விபத்தில் சேதமான பிரேமுக்கு மாற்றாகப் புதியதை முதல் சொந்தக்காரருக்குச் சலுகை விலையில் தருவதுண்டு. சேதமானது சந்தைக்குத் திரும்பாமலிருக்க அதுவும் ஒரு தந்திரமே.

பெரும்பாலோர் மறந்துவிடுவது வேறொன்று. பாலிசியே இல்லாத சைக்கிளுக்கும் ஒரு பாலிசி உண்டு: அது மோதிய வண்டியின் பாலிசி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கார் சைக்கிள்காரரை இடித்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அவர் மூன்றாம் தரப்பு. அவருடைய உடம்புக்கு மட்டுமன்றி, அவருடைய சைக்கிளுக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். 2019ஆம் வருஷத்துத் திருத்தம் 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்து, மனுப் போடுவதற்கு 6 மாதம் என்று கெடு வைத்திருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், வைத்தியச் செலவு, சம்பள நஷ்டம், வலி, வேதனை என்று தலைப்புகள் நீண்ட பிறகு, உடைகளுக்கும் பொருள்களுக்கும் என்று கடைசியில் ஒரு சிறு தொகை போடுவார்கள். கிழிந்த வேட்டியோடு சைக்கிளும் அதற்குள் அடங்கிவிடும். சைக்கிள்காரர் இதைக் கொஞ்சம் பெரிதாக்க விரும்பினால், வண்டியை உடனே சரிபார்க்கக் கொடுத்துவிடாமல், அடிபட்ட கோலத்திலேயே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, பிரேம் எண்ணையும் எடுத்து, கடைக்காரரிடம் எந்தெந்தச் சாமான் போயிற்று என்று விலையோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டு அப்புறமும் உபயோகப்படும். அதே வண்டியை விற்கும் நாளில் அதுதான் அதன் ஆர்.சி. புத்தகம்.

சில மாதங்களுக்கு முன் இவ்வூர்க் கடையொன்றில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது, பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு பையனும் அவன் தாயாரும் பழைய சைக்கிள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மணியை அடித்துப் பார்த்தார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், பிறகு நேராகக் கேட்டார்: "அண்ணே, இது அடிபட்ட வண்டியா? இல்லேன்னு சொல்லுங்க, எடுத்துக்கிறேன்." கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். "போர்க் மாத்திருக்கேம்மா. கீழ்க் குழாயில ஒரு பத்தவெப்பு இருக்கு, பாருங்க" என்று வண்டியைத் தலைகீழாகப் புரட்டிக் காட்டினார். அம்மாள் குனிந்து, பெயிண்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, விலையை மறுபடியும் முதலிலிருந்து பேசத் தொடங்கினார்.