புதுக் கிடங்கில் ஓதம்: நாங்கள் கற்ற பாடம்



நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள். அரிசி வாங்கும்போது நாமும் நாலு மணியைக் கடித்துப் பார்க்கிறோம். அந்த மூட்டையைச் சாய்த்து அடுக்கும் சுவரில் எவ்வளவு ஈரம் என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? நாங்கள் பார்க்கவில்லை.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில், வீட்டோடு சேர்த்தே மொத்த வியாபாரம் நடத்துகிறோம். இடம் போதாமல் 2024 கோடையில் வடபுறச் சுவரை ஒட்டி 20 அடிக்கு 12 அடியில் ஓர் அறை கட்டினோம். வண்டியிலிருந்து மூட்டை இறக்கப் படி இடைஞ்சலாக இருக்குமென்று, பழைய வீட்டைவிட ஒன்றரை அடி தாழ்வாகத் தரை போடச் சொன்னவர்கள் நாங்கள்தான். கடைக்காலுக்கு மேல் ஓதத் தடுப்புப் பட்டை போட வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். அவர்கள் அதை டி.பி.சி. என்பார்கள். செலவைப் பார்த்து வேண்டாம் என்றவர்களும் நாங்கள்தான்.

அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. சில நாட்களில் புது அறையின் சுவர் கறுத்தது, பூச்சில் வெள்ளையாக உப்பு பூத்தது. எல்லாம் புயல் செய்த வேலை என்று முடிவுகட்டி, பொங்கலுக்கு முன் சுரண்டி இரண்டு கை பெயிண்ட் அடித்தோம். பங்குனியில் அது அப்பளமாகப் பொரிந்து விழுந்தது.

அதற்குள் இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் இரண்டு மூட்டைத் துவரம்பருப்போடு வந்து நின்றார். "ஐயா, பருப்புல வாடை அடிக்குது. வாங்கிட்டுப் போன அம்மா கடை வாசல்லயே கொட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சுவரோரம் இருந்த மூட்டைகளைப் பிரித்தால் அடிப்பக்கம் முழுக்கப் பூசணம். பூசணம் பிடித்த தானியத்தை மாட்டுக்கும் போடக் கூடாது. சில பூசணங்களின் நஞ்சு பால் வழியாக மனிதருக்கே திரும்பி வரும். குழி வெட்டிப் புதைத்தோம்.

பிறகுதான் அனுபவமுள்ள ஒரு மேஸ்திரியை அழைத்தோம். அவர் சுவரைத் தொடுவதற்கு முன் கேட்டது ஒரே கேள்வி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொன்னார்.

தரையிலிருந்து முழங்கால் அல்லது இடுப்பு உயரம்வரை ஒரே மட்டமாகக் கறை இருந்து, வெயில் காலத்திலும் மாறாவிட்டால் அது நிலத்து ஈரம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் நீரை இழுக்கும். மழைக்குப் பின் மேலிருந்து இறங்கினால் தளத்தின் கசிவு. என்றும் ஒரே இடத்தில் நனைந்திருந்தால் குழாய். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் நெட்டாகக் கறை தெரிந்தால் அது விரிசல்; பழைய கடைக்கால் எப்போதோ அமர்ந்துவிட்டது, புதியது இப்போதுதான் அமர்கிறது.

ஐயம் இருந்தால் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னல் திறந்தாலே பாதி தீரும். புதுக் கட்டடமானால் கட்டும்போது ஊற்றிய தண்ணீரே காய மாதக்கணக்காகும். அதற்குள் பெயிண்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

எங்கள் சுவரில் நிலத்து ஈரமும் விரிசலும் சேர்ந்திருந்தன. வெளியே சுவரை மூடியிருந்த மண்ணைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி எடுத்து, தண்ணீர் விலகி ஓட வாட்டம் கொடுத்தோம். மூன்று மூன்று அடியாகச் செங்கல் வரியைப் பெயர்த்து, நீர்த்தடுப்புப் பொடி கலந்த ஒன்றரை அங்குலக் கான்கிரீட் பட்டையைச் செருகினார்கள். தரையில் மணல் பரப்பி, கனத்த பாலிதீன் தாள் விரித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டு உயர்த்தினோம். இணைப்பு விரிசலைச் சிமெண்டால் அடைக்காமல், நெகிழ்ந்து கொடுக்கும் பசையால் அடைத்தோம். பூச்சை மூன்றடி உயரத்துக்கு உரித்து, நன்றாகக் காயவிட்டுப் புதிதாகப் பூசினோம். கட்டும்போது மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு போயிற்று. 2025 மழையில் சுவர் காய்ந்தே இருந்தது.

எங்கள் ஊர்க் குகைக் கோயிலைப் பலர் பார்த்திருப்பீர்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் அங்கே கல்லில் பொறித்து வைத்தான். பாறையைக் குடைந்து நம்மால் கிடங்கு அமைக்க முடியாது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான் நமக்கு. ஆனால் அந்தச் செங்கல் தண்ணீர் குடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. செஞ்சிக் கோட்டை நெற்களஞ்சியத்தின் கனத்த சுவர்களைப் பாருங்கள். தானியம் வைக்கும் இடத்தில் முன்னோர் சிக்கனம் பார்க்கவில்லை.

கிடங்கு கட்டப்போகும் வணிகர்கள் தரையைச் சுற்றுத் தரைக்கு ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள், பட்டையை விடாதீர்கள். மூட்டையைச் சவுக்குக் கட்டைமேல், சுவருக்கு இரண்டடி தள்ளி அடுக்குங்கள்.

அந்தக் கடைக்காரருக்கு இரண்டு மூட்டைக்கும் மாற்றுச் சரக்குக் கொடுத்தோம். இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறார். ஆனால் இப்போது மூட்டையை ஏற்றுமுன் அடிப்பக்கத்தை ஒரு முறை முகர்ந்து பார்க்கிறார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை.