கேபின் பேக் மட்டும் போதும். பவர் பேங்க் எங்கே?

கேபின் பேக் மட்டும் எடுத்துட்டுப் போறீங்களா? இறங்கினதும் பெட்டிக்காகக் காத்து நிக்க வேண்டாம், சூப்பர். ஆனா கேட்ல "மேலே இடமில்லை, இதைக் கீழே அனுப்புறோம்"னு கேட்டா, பையைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பவர் பேங்கை வெளியே எடுத்துடுங்க. லித்தியம் பேட்டரி கேபின்ல புகைஞ்சா உடனே தெரியும். பணியாளர்கள் தண்ணீர் ஊற்றி அடக்குவாங்க. சரக்கு அறையில் பார்க்க ஆளே இல்லை.

அளவும் முக்கியம். பொதுவான வரம்பு 100 வாட்-அவர். எம்ஏஎச் எண்ணை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்க. 20,000 என்றால் 74, கவலையில்லை. 30,000 என்றால் 111. விமான நிறுவனத்தோட முன் அனுமதி இல்லாம கொண்டுபோக முடியாது. எமிரேட்ஸ்ல 2025 அக்டோபர் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது. அதனால போனை வீட்டிலேயே முழுசா சார்ஜ் பண்ணிடுங்க. பவர் பேங்க்? சின்னப் பையில போட்டு, சீட்டுக்கு அடியில, கைக்கு எட்டுற இடத்துல.