கண்ணின் அழுத்தம் சரியென்றால் கவலை இல்லையா?

கண்ணுக்குள்ளும் ஓர் அழுத்தம் உண்டு. வழமையாக அது 10 முதல் 21 வரை (இரச மில்லிமீற்றரில்) இருக்கும். அது கூடினால் பார்வை நரம்பு பழுதடையலாம். இதுவே குளுக்கோமா. பெரும்பாலும் நோவும் இராது, சிவப்பும் இராது. ஓரப் பார்வை மெல்ல மெல்லக் குறையும். இழந்த பார்வை திரும்பி வராது.

அப்படியென்றால் 21க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். யப்பானின் தஜிமி நகரில் நடந்த ஆய்வில், திறந்த கோணக் குளுக்கோமா உள்ளவர்களில் 92 வீதமானோரின் அழுத்தம் 21ஐத் தாண்டியிருக்கவில்லை!

படலத்தின் தடிப்பு

சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹான்ஸ் கோல்ட்மன் 1950களில் உருவாக்கிய கருவியே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. கண்ணின் முன்னே மணிக்கூட்டுக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் விழிவெண்படலத்தை அது மெதுவாக அழுத்தித் தட்டையாக்குகிறது. படலத்தின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் என்று வைத்தே அதன் கணக்கு.

தோல் தடித்த பந்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். காற்று கூட இருப்பதுபோல் தோன்றும். கண்ணும் அப்படித்தான். தடித்த படலம் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். மெல்லிய படலம் குறைத்துக் காட்டும். வீண் பயம் ஒருவருக்கு, வீண் நிம்மதி இன்னொருவருக்கு!

எல்லோருக்கும் ஒரே அளவல்ல

ஐரோப்பிய வம்சத்தினரின் சராசரித் தடிப்பு சுமார் 540 மைக்கிரோமீற்றர். ஆபிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களுக்கு இது குறைவு. சென்னையிலும் அதனை அண்டிய கிராமங்களிலும் அளந்தபோது கிடைத்த சராசரி 511 அளவில்தான். அயலில் வாழும் நமக்கும் இது யோசிக்க வேண்டிய செய்தி.

2002இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று, கண்ணழுத்தம் கூடியவர்களைப் பல வருடங்கள் அவதானித்தது. 588க்கு மேல் தடிப்பு உள்ளவர்களைவிட, 555 அல்லது அதற்குக் குறைவாக உள்ளவர்களுக்குக் குளுக்கோமா வரும் ஆபத்து சுமார் மூன்று மடங்கு எனக் கண்டது.

நீங்கள் செய்ய வேண்டியது

நாற்பதைக் கடந்துவிட்டீர்களா? உம்மா, வாப்பா, கூடப்பிறந்தவர் யாருக்காவது குளுக்கோமா உண்டா? கண் டொக்டரிடம் காட்டுங்கள். அழுத்தத்தோடு படலத்தின் தடிப்பையும் பார்வை நரம்பையும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். தடிப்பை அளக்கச் சில நிமிடங்கள் போதும். மரக்கச் செய்யும் துளிமருந்து விடுவதால் நோகாது. மூக்குக் கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்தவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். அச்சிகிச்சை படலத்தை மெல்லியதாக்கிவிடும்.

கிடைத்த இலக்கங்களைக் கிளினிக் கொப்பியில் குறித்து வையுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால், இருக்கும் பார்வையைக் காப்பாற்ற மருந்து உண்டு.