மின்சாரமற்ற நாட்கள் – 6: தண்ணீர் மோட்டாரே அளவுகோல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததோடு, டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களை முறித்துப் போட்டது. நகரங்களுக்கு மின்சாரம் முன்னதாகத் திரும்பியபோதும், உட்கிராமங்கள் பலவற்றுக்கு அது வந்துசேர வாரக்கணக்கில் ஆயிற்று. இருட்டையாவது மெழுகுவத்தியைக் கொண்டு சமாளிக்க முடிந்தது. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற வழியில்லாமற் போனதுதான் ஊர்களை முடக்கியது. பல ஊர்களில் மக்கள் பணம் திரட்டி, ஜெனரேட்டரை வாடகைக்கு அமர்த்தித் தொட்டியை நிரப்பிக்கொண்டனர். தஞ்சை வட்டாரத்தில் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்க எண்ணும் ஒருவர் தம் கணக்கைத் தொடங்க வேண்டிய இடமும் அந்தத் தொட்டியே ஆகும்.

டெல்டாவில் மின்தடை மூன்று வகையாக வருகிறது. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்து, பெரும்பாலும் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை நிறுத்தப்படுவது ஒன்று. கோடையிடியிலும் ஐப்பசி மழையிலும் சொல்லாமல் சில மணி நேரம் நின்றுபோவது மற்றொன்று. புயலால் நாட்கணக்கில் அற்றுப்போவது மூன்றாவது. முதலிரண்டையும் சென்ற இதழில் விளக்கப்பட்ட இன்வெர்ட்டரே பெரும்பாலும் தாங்கிவிடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று ஏட்டளவில் 1.8 யூனிட் மின்சாரத்தைத் தேக்கி வைப்பதால், இழப்புகள் போக, இரண்டு மின்விசிறிகளையும் நான்கைந்து எல்.இ.டி. விளக்குகளையும் ஆறு மணி நேரமளவுக்கு ஓட்ட இயலும். ஆனால் பேட்டரி தேக்கி வைப்பதேயன்றி உற்பத்தி செய்வதன்று. தீர்ந்தபின் அதை நிரப்பவும் மின்சாரம் வேண்டும். எனவே ஜெனரேட்டரின் தேவை மூன்றாவது வகை மின்தடையில்தான் உண்மையில் எழுகிறது.

ஜெனரேட்டரின் திறன் கே.வி.ஏ. என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது கே.வி.ஏ.; அதில் பயன்படும் வேலையாக மாறும் பகுதியே கிலோவாட். இவ்விரண்டுக்குமுள்ள விகிதம் திறன்காரணி எனப்படும். டீசல் ஜெனரேட்டர்களுக்கு அதை 0.8 எனக் கொள்வது வழக்கமாதலால், 5 கே.வி.ஏ. என்று விற்கப்படும் பொறியிலிருந்து 4 கிலோவாட்டுக்கு மேல் எதிர்பார்த்தல் கூடாது.

ஒரு நடுத்தர வீட்டில் ஐந்து விளக்குகள், தலா 75 வாட் வீதம் மூன்று மின்விசிறிகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, கைபேசிகள் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஓடினாலும் சுமை 600 வாட்டை அதிகம் தாண்டுவதில்லை. இக்கணக்கை மட்டும் நம்பி 1 கே.வி.ஏ. ஜெனரேட்டரை வாங்கியவரின் வீட்டில் விளக்கு எரியும். தண்ணீர் மட்டும் ஏறாது. ஆழ்குழாய்க் கிணற்றிலுள்ள 1 குதிரைத்திறன் மோட்டார், ஓடும்போது ஏறத்தாழ 1.1 கிலோவாட்டை இழுக்குமாயினும், நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கைக் கேட்கிறது. மின்வாரியத்தின் கம்பி இந்தத் தொடக்க மின்னோட்டத்தைப் பொருட்படுத்தாமல் கொடுத்துவிடும். சிறிய ஜெனரேட்டரோ மின்னழுத்தம் சரிந்து முனகி நின்றுவிடும். ஆகையால் 1 குதிரைத்திறன் மோட்டாருக்குக் குறைந்தது 3 கே.வி.ஏ., 2 குதிரைத்திறனுக்கு 5 கே.வி.ஏ. அல்லது அதற்குச் சற்று மேல் என்பதே நடைமுறைக் கணக்காகும். மோட்டார் ஓடும் நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியை அணைத்து வைத்தால் இதற்கு மேல் வேண்டியதில்லை. வயல் மோட்டார்கள் பெரும்பாலும் மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை என்பதால், வீட்டுக்கான ஒருமுனை ஜெனரேட்டரால் அவற்றை ஓட்ட முடியாது. டிராக்டரின் பின்புறச் சுழல்தண்டில் இணைக்கும் மும்முனை ஆல்டர்னேட்டரே அதற்குப் பொருந்தும்.

அளவு முடிவானபின் எரிபொருள். 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் அரைச்சுமையில் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் குடித்து, லிட்டருக்கு ஒன்றரை யூனிட் அளவே தருகிறது. பெட்ரோல் விலை லிட்டர் நூறு ரூபாயை ஒட்டியிருக்கும் நிலையில், யூனிட் ஒன்றின் அடக்கம் அறுபது ரூபாயைத் தாண்டுகிறது. இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாகப் பெறும் தமிழ்நாட்டு வீட்டுக்கு இது பெருஞ்செலவு. டீசல் ஜெனரேட்டர், போதிய சுமை இருந்தால், லிட்டருக்கு மூன்று யூனிட் வரை தரும். நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளில் ஓடும் வகை, 3,000 சுற்றுகளில் ஓடும் சிறு பொறிகளைவிட நெடுநாள் உழைக்கும். எனினும் திறனில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான சுமையில் நெடுநேரம் ஓடினால், டீசல் முழுதும் எரியாமல் புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் புகைபோக்கியில் படிந்து எஞ்சின் கெடுகிறது. தேவைக்கு மீறிய பெரிய டீசல் ஜெனரேட்டரை வாங்கி இரண்டு விசிறிக்கு ஓட்டுவது, பணத்தையும் எஞ்சினையும் ஒருங்கே வீணாக்குவதாகும்.

இரண்டுக்கும் அப்பால் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் என ஒன்றுண்டு. இது உற்பத்தியாகும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, மீண்டும் சீரான மாறுமின்னோட்டமாக மாற்றித் தருகிறது. சுமை குறையும்போது எஞ்சின் வேகமும் குறைவதால் எரிபொருளும் ஓசையும் மிச்சமாகின்றன. கணினிக்கும் மருத்துவக் கருவிக்கும் இது ஏற்றது. ஆயினும் விலை அதிகம். அமெரிக்க வீடுகளில் குழாய்வழி எரிவாயுவில் ஓடி, மின்சாரம் நின்ற சில விநாடிகளில் தானே இயங்கும் நிலையான ஜெனரேட்டர்கள் பரவலாக உள்ளன. டெல்டாவின் பெரும்பாலான வீடுகளுக்கு எரிவாயுக் குழாய் எட்டாத இன்றைய நிலையில் அம்முறை இங்குப் பொருந்தாது. கூரைமேல் சூரியத் தகடு இருப்பதால் ஜெனரேட்டர் வேண்டாம் என்று கருதுவதும் சரியன்று. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சூரியமின் அமைப்பு, பேட்டரி இல்லையெனில், மின்தடையின்போது பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது.

இணைக்கும் முறையே உயிரோடு தொடர்புடையது. ஜெனரேட்டரின் கம்பியைச் சுவரிலுள்ள பிளக்கில் நேரே செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் காணப்படுகிறது. அவ்வாறு செய்யும்போது மின்சாரம் மீட்டர் வழியே வெளியேறித் தெருவின் மின்மாற்றியை அடைகிறது. மின்மாற்றி இருவழியும் வேலை செய்யும் பொறியாதலால், 230 வோல்ட் அங்கே பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து, மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் கைக்கு வந்துசேர்கிறது. கஜாவுக்குப்பின் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளம் முதலிய அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின்பணியாளர்கள் சேற்றுவயலில் நின்று கம்பம் நட்ட நாட்களில், ஒவ்வொரு வீட்டு ஜெனரேட்டரும் அவர்களுக்கு நேர்ந்திருக்கக்கூடிய ஆபத்தே. இதைத் தடுப்பது சேஞ்ச்ஓவர் சுவிட்ச். வீட்டை மின்வாரியக் கம்பியுடனோ ஜெனரேட்டருடனோ இணைக்குமேயன்றி, இரண்டையும் ஒருசேர இணைக்க அது இடங்கொடாது. நியூட்ரல் கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் வகையைத் தேர்ந்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே பொருத்தவேண்டும்.

வைக்குமிடத்திலும் கவனம் தேவை. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குபவரை விழிக்கவிடாமலேயே கொல்லக்கூடியது. மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரைத் திண்ணையிலோ கூடத்திலோ மாடிப்படியின் அடியிலோ ஓட்டலாகாது. வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, புகைபோக்கி சன்னல்களுக்கு எதிர்ப்புறம் நோக்க, நாற்புறமும் காற்றாடும் தகரக் கூரையின்கீழ், தெருவில் மழைநீர் தேங்கும் மட்டத்துக்கு மேல் எழுப்பிய மேடையில் அதை வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை கால்மணி நேரம் சுமையோடு ஓட்டுவதும், நெடுநாள் நிறுத்தும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் தங்காமல் வடித்துவிடுவதும், தேவைப்படும் நாளில் அது புறப்படுவதை உறுதி செய்யும்.

ஆக, டெல்டாவின் சராசரி வீட்டுக்கு விளக்குக்கும் விசிறிக்கும் இன்வெர்ட்டரும், தண்ணீருக்கும் பேட்டரியை நிரப்புவதற்கும் நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரம் ஓடும் 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டருமே போதுமானவை. கையால் தள்ளிச் செல்லத்தக்க அந்த ஜெனரேட்டரை மூன்று நான்கு வீடுகள் கூட்டாக வாங்கிக்கொள்வதில் தடையேதுமில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருப்பது மட்டும் கட்டாயம். பெரிய டீசல் ஜெனரேட்டர், மருத்துவமனைக்கும் அரிசி ஆலைக்குமே உரியது. கடைக்குப் புறப்படுமுன் வாசகர் தம் வீட்டு மோட்டாரின் தகட்டில் பொறித்துள்ள குதிரைத்திறனைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் இல்லாமல் கடைக்காரர் சொல்லும் எந்த அளவையும் ஏற்க வேண்டியதில்லை.

(தொடரும்)